ஒரு நதியின் மீன்களை எண்ணியவர்கள்



ஓடுகின்ற ஆற்றில் எத்தனை மீன்கள் உள்ளன என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் சிரித்துவிடுவோம். வானத்து விண்மீன்களை எண்ணச் சொல்வதைப் போன்றது அது என்போம். ஆனால், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓடும் ஓர் ஆற்றில் நூறாண்டுகளுக்கும் மேலாக இவ்வேலையை மனிதர்கள் விடாமல் செய்து வருகிறார்கள். அந்த எண்ணிக்கையை நம்பி ஆலைகள் நடந்தன. இரண்டு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. எண்ணியவர்களுக்குள்ளேயே கடும் பூசலும் மூண்டது. கனடா நாட்டின் பிரேசர் ஆற்றுச் சால்மன் மீன்களின் கதை அது. அறிவியல் பாட நூலில் 'உயிரினங்களின் எண்ணிக்கை' என்று இரண்டு வரியில் முடிந்துபோகும் செய்திக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறதே என்ற வியப்பில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். ராக்கி மலைத்தொடரில் பிறந்து, ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் ஓடி, வான்கூவர் நகரையொட்டிப் பசிபிக் கடலில் கலப்பது பிரேசர். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் கால் பங்கு நிலத்து நீர் இதன் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 1808-ஆம் ஆண்டில் இவ்வாற்றின் வழியே கடல்வரை இறங்கிவந்த சைமன் பிரேசர் என்னும் வணிகரின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. அவர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். கீழ்நதிப் பகுதியில் வாழும் பழங்குடியினரின் மொழியில் 'ஸ்டோலோ' என்றால் ஆறு என்றே பொருள். அம்மக்களின் பெயரும் அதுவே. ஆறும் மக்களும் ஒரே பெயர்!

இவ்வாற்றில் ஐந்து வகைச் சால்மன்கள் ஏறுகின்றன. நம் கதைக்குரியது 'சாக்கை' எனப்படும் செந்நிறச் சால்மன். இப்பெயரும் அப்பழங்குடி மொழியில் 'செம்மீன்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் வாயில் திரிந்து வந்ததுதான். கெலியும் திலாப்பியாவும் மட்டுமே பார்த்துப் பழகிய நம் மாணவர்களுக்கு இம்மீனின் வாழ்க்கையைச் சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள். இலையுதிர் காலத்தில், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓடைகளின் கூழாங்கற்களுக்கிடையே தாய்மீன் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. இட்ட சில நாள்களில் தாயும் தந்தையும் இறந்துவிடுகின்றன. குஞ்சுகள் அருகிலுள்ள ஏரியில் பெரும்பாலும் ஓராண்டு வளர்ந்து கடலுக்குச் செல்கின்றன. அங்கு ஏறக்குறைய ஈராண்டு உண்டு கொழுத்து, நான்காம் வயதில் தாம் பிறந்த அதே ஓடைக்குத் திரும்புகின்றன. ஆற்றில் நுழைந்தபின் உண்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பே எரிபொருள். வெள்ளியாய் வந்த மீன் ஓடையை அடையும்போது உடல் சிவந்து, தலை பச்சையாகி நிற்கிறது.

நான்கு ஆண்டுக் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் அத்தனைக்கும் அதுவே அடித்தளம்.

செதிலில் எழுதிய வயது

இம்மீன்கள் நான்கு வயதில் திரும்புகின்றன என்று எப்படித் தெரிந்தது? மரத்தை வெட்டினால் வளையங்கள் தெரிவது போல, மீனின் செதிலிலும் வளர்ச்சிக் கோடுகள் உண்டு. கோடையில் அகன்றும், உணவு குறைந்த குளிர்காலத்தில் நெருங்கியும் அமையும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மீனியல் அறிஞர் சார்லஸ் கில்பர்ட் 1913-ஆம் ஆண்டில் பசிபிக் சால்மன்களின் செதில்களைப் படித்து அவற்றின் வயதை உறுதி செய்தார். ஏரியில் கழித்த முதல் ஆண்டின் கோடுகள் ஏரிக்கு ஏரி மாறுபடுவதையும் அவர் கண்டார். அதாவது, கடலோரத்தில் பிடிபட்ட மீனின் ஒரு செதிலைக் கொண்டு அது எந்த ஏரியில் வளர்ந்தது என்று ஊகிக்க முடிந்தது. மீனின் பிறப்புச் சான்றிதழ் அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது எனலாம்.

மீனவர்களும் ஆலை முதலாளிகளும் செதிலைப் படிக்காமலேயே ஒன்றை அறிந்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறு பொங்கி வழியும். 1901, 1905, 1909 ஆகியவை அத்தகைய பேராண்டுகள். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் வரத்து மிகக் குறைவு. அடுத்த பேராண்டு 1913. அவ்வாண்டில் பிரேசர் ஆற்றுச் சாக்கைகள் மட்டும் 30 மில்லியனுக்கும் மேல் பிடிபட்டன. ஆலைகளில் தகரக் குவளைகள் போதவில்லை.

அதே ஆண்டில்தான் பேரிடி விழுந்தது.

ஆற்றின் பள்ளத்தாக்கில் 'ஹெல்ஸ் கேட்', அதாவது நரகவாயில் என்றோர் இடம் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆறு ஏறத்தாழ 35 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில் புகுந்து பாய்கிறது. கரையோரமாக இருப்புப்பாதை அமைத்தவர்கள், வெடிவைத்துத் தகர்த்த கற்களை ஆற்றுக்குள்ளேயே தள்ளிவிட்டார்கள். 1913-இல் மேலேற வந்த மீன்களுக்கு வழியில்லை. 1914 பிப்ரவரியில் பெரும் பாறைச்சரிவும் சேர்ந்துகொண்டது. நீரின் வேகத்தை எதிர்க்க இயலாமல் மில்லியன் கணக்கான மீன்கள் இடுக்கின் கீழே சுற்றிச் சுற்றிக் களைத்து, முட்டையிடாமலேயே மாண்டன. மேல்நதிப் பழங்குடியினர் கைவலைகளால் மீன்களை அள்ளி அடைப்புக்கு மேலே கொண்டு விட்டார்கள் என்பது பதிவான செய்தி. நான்காண்டு கழித்து, 1917-இல், பிள்ளைகள் திரும்ப வேண்டிய ஆண்டில், பிடிப்பு கால்வாசி அளவுக்குச் சரிந்தது.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. மீன் குறைந்தது என்றதும் அரசு முதலில் யாரைக் கட்டுப்படுத்தியது தெரியுமா? உணவுக்காக மேல்நதியில் மீன்பிடித்த பழங்குடியினரை! குளிர்காலம் முழுவதும் உலர்ந்த சால்மனையே நம்பியிருந்த குடும்பங்கள் பட்டினியை எதிர்கொண்டன. கல்லைக் கொட்டியவர்கள் அவர்களல்லர். கடலோரத்தில் மில்லியன் கணக்கில் அள்ளியவர்களும் அவர்களல்லர். எண்ணிக்கை கையில் இல்லாதபோது பழி எளியவர் மீது விழுந்தது.

மொச்சைக் குவளை

மீன்களை எண்ணும் முறைக்கு வருவோம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை நான் ஒரு குவளை மொச்சையைக் கொண்டு கற்பிப்பது வழக்கம். குவளையில் எத்தனை மொச்சைகள் என்று யாருக்கும் தெரியாது. நாற்பதை எடுத்துச் சிவப்பு மையால் குறியிட்டு மீண்டும் போட்டு நன்றாகக் குலுக்குவோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதை எடுப்போம். அவற்றில் ஐந்து சிவப்பாக இருந்தால், பத்தில் ஒன்றுக்குக் குறி இருக்கிறது என்று பொருள். குறியிட்டவை நாற்பது, ஆகவே மொத்தம் ஏறக்குறைய நானூறு. பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம். விடை நெருங்கி வரும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் பக்கத்து வகுப்பு வரை கேட்கும்.

இந்தச் சூழ்ச்சி புதிதன்று. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இதே விகித முறையைக் கையாண்டு தம் நாட்டு மக்கள்தொகையை மதிப்பிட்டார். மீன்களில் டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான்னஸ் பீட்டர்சன் 1890-களில் அடையாள வில்லைகளைப் பொருத்தி ஆய்வு நடத்தினார். அவர் பெயராலேயே இன்றும் இம்முறை வழங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, மை பூசிய மொச்சைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியிலேயே கிடந்தால் என்ன செய்வது?" அருமையான கேள்வி. குறியிட்டது மற்றதைப் போலவே நடந்துகொண்டால்தான் கணக்கு செல்லும். பிரேசர் ஆற்றில் இரண்டு பெரிய அறிஞர்கள் மோதிக்கொண்டது இந்த ஒரு கேள்வியின் மீதுதான்.

தாம்சனும் ரிக்கரும்

ஆற்றின் மீன்கள் கனடாவுக்குச் சொந்தம். ஆனால், கடலிலிருந்து ஆற்று முகத்துக்கு வரும் வழியில் அவை அமெரிக்க எல்லைக்குள் நீந்தி வருகின்றன. அங்கும் வலைகள் காத்திருந்தன. ஆகவே இரு நாடுகளும் 1930-இல் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அது நடைமுறைக்கு வரவே 1937 ஆகிவிட்டது. அனைத்துலகப் பசிபிக் சால்மன் மீன்பிடி ஆணையம் பிறந்தது. பிடிப்பை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர வேண்டும். ஆனால், ஆணையம் எட்டாண்டுகள், அதாவது மீனின் இரண்டு தலைமுறைகள், வெறும் ஆய்வு மட்டுமே செய்யலாம். அதன்பிறகே விதிமுறை இடலாம் என்று நிபந்தனை! எண்ணாமல் ஆளாதே என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள் போலும்.

ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர் வில்லியம் தாம்சன். ஹாலிபட் என்னும் கடல்மீனை ஆராய்ந்து புகழ்பெற்றவர். 1938 முதல் அவருடைய குழுவினர் நரகவாயிலின் சுழிகளில் மீன்களைக் கைவலையால் பிடித்து, வில்லை பொருத்தி விட்டார்கள். அவை எப்போது மேலே தென்படுகின்றன, எத்தனை மீண்டும் கீழேயே பிடிபடுகின்றன என்று குறித்தார்கள். நீர்மட்டம் சில குறிப்பிட்ட அளவுகளுக்கிடையே நிற்கும்போது மீன்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தடைப்பட்டு நிற்பது தெரிந்தது. 1941-இல் நீர்மட்டம் அந்த அளவுகளிலேயே நீண்டகாலம் நின்றது. மீன்கள் குவியல் குவியலாகத் தேங்கின. 1914-க்குப் பிறகு கற்களை அகற்றியதோடு சிக்கல் தீர்ந்தது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். இல்லை, அடைப்பு கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்திருக்கிறது என்றார் தாம்சன். 1945-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

அதற்குள் வேலையும் தொடங்கிவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாறை இடுக்கின் சிறிய மாதிரியைக் கட்டி, அதில் நீரைப் பாய்ச்சி, எங்கே மீனுக்கு இளைப்பாற இடம் கிடைக்கும் என்று பார்த்தார்கள். பொறியாளர் மைலோ பெல்லின் வடிவமைப்பில், செங்குத்துப் பிளவுகள் கொண்ட தடுப்புச் சுவர்கள் வரிசையாக அமைந்த மீன்வழிகள் 1944 முதல் இரு கரைகளிலும் எழுந்தன. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் அப்பிளவுகளின் வழியே மீன் ஏறிச் செல்லும். இன்றும் அவை அங்கே இருக்கின்றன. உலகின் பல ஆறுகளில் அதே வடிவத்தைப் பின்பற்றியிருக்கிறார்கள்.

இனி, எதிர்க்கட்சி. வில்லியம் ரிக்கர், 1908-இல் ஒண்டாரியோ மாநிலத்தில் பிறந்தவர். பிரேசரின் கிளை ஆற்றுப் பகுதியில் உள்ள கல்டஸ் என்னும் சிறிய ஏரியில் 1931 முதல் பணியாற்றியவர். 1947-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். வெளிப்பார்வைக்கு நயமானது, உள்ளே கூர்வாள். சுழியில் கைவலைக்கு எளிதில் அகப்படும் மீன் எது? வலிமையான மீன் பாய்ந்து மேலே போய்விடும். களைத்த மீன்தான் கரையோரச் சுழியில் ஒதுங்கி நிற்கும். அதைப் பிடித்து, நீரிலிருந்து தூக்கி, வில்லை குத்தி விட்டால் அது இன்னும் களைக்கும். அத்தகைய மீன்கள் தாமதமாவதைக் கொண்டு எல்லா மீன்களும் தடைப்படுகின்றன என்று எப்படிச் சொல்லலாம்? என் மாணவியின் மொச்சைக் கேள்வியேதான்!

இது கணக்கு வாத்தியார்களின் வீண் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். குற்றவாளி பாறை என்று தீர்ப்பானால், பாறையைச் சரிசெய்தால் போதும். வலைகளை யாரும் குறைக்க வேண்டியதில்லை. குற்றவாளி அளவுமீறிய மீன்பிடிப்பு என்றால், ஆலைகளும் படகுகளும் தியாகம் செய்தாக வேண்டும். ரிக்கர் இரண்டாவதைத்தான் சுட்டிக்காட்டினார்.

யார் சொன்னது சரி? 1946-இல் மீன்வழிகளும் இருந்தன. ஆணையத்தின் மீன்பிடிக் கட்டுப்பாடுகளும் அதே ஆண்டில்தான் தொடங்கின. அதன்பின் மேல்நதி மீன்கள் பெருகின. ஒரே நேரத்தில் இரண்டு மருந்து கொடுத்தால் எது நோயைத் தீர்த்தது என்று எப்படிச் சொல்வது? என் கருத்தைக் கேட்டால், தாம்சன் அடைப்பைக் கண்டதில் சரி. அதன் அளவைக் கணக்கிட்டதில் ரிக்கரின் ஐயம் சரி. தாம்சனுக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிக்கரின் ஐயம் முழுவதும் தீரும்வரை காத்திருந்தால் மீன்வழி கட்டியிருக்கவே மாட்டார்கள்.

அதே ஆணையத்தில் பணியாற்றிய மில்னர் ஷேஃபர், வேறொரு சிக்கலைத் தீர்த்தார். மொச்சைக் குவளை அசையாமல் இருக்கிறது, ஆறு அப்படியன்று. முதல் வாரம் ஏறும் மீன் வேறு, ஐந்தாம் வாரம் ஏறும் மீன் வேறு. வாரவாரியாகக் குறியிட்டதையும், வாரவாரியாகக் கண்டெடுத்ததையும் கட்டம் கட்டிப் பெருக்கிக் கூட்டும் முறையை, பிர்க்கன்ஹெட் என்னும் கிளை ஆற்றின் சாக்கைகளைக் கொண்டு 1951-இல் விளக்கினார். மீனியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

கல்டஸ் ஏரியின் பாடங்கள்

ரிக்கரின் ஏரிக்கு ஒருமுறை போய் வருவோம். அங்கு ரஸ்ஸல் ஃபோர்ஸ்டர் என்பவர் 1920-களின் நடுவிலிருந்து பொறுமையாக ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையின் குறுக்கே வேலியிட்டு, உள்ளே போகும் தாய்மீன்களையும் வெளியே வரும் குஞ்சுகளையும் எண்ணினார். சில ஆண்டுகள் மீன்களை இயற்கையாக முட்டையிட விட்டார். சில ஆண்டுகள் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் பொரிக்கச் செய்தார். பத்தாண்டுக்கும் மேல் எண்ணிய பிறகு கிடைத்த முடிவு: இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடில்லை! அரசு பெரும் பொருள் செலவிட்டு நடத்திவந்த சாக்கைப் பொரிப்பகங்கள் 1930-களில் மூடப்பட்டன. தம் துறையின் பெருமைக்குரிய திட்டம் பயனற்றது என்று எண்ணிக்கையால் காட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

அடுத்து, ஏரியில் குஞ்சுகளைத் தின்னும் பெருமீன்களைப் பிடித்துக் குறைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஃபோர்ஸ்டரும் ரிக்கரும் இதனை 1941-இல் வெளியிட்டனர்.

இந்தப் பட்டறிவிலிருந்துதான் ரிக்கரின் புகழ்பெற்ற வளைகோடு பிறந்தது. 1954-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கேள்வி எளியது: எத்தனை பெற்றோர் மீன்களை விட்டுவைத்தால் எத்தனை பிள்ளைகள் திரும்பும்? பெற்றோர் இருமடங்கானால் பிள்ளையும் இருமடங்காகும் என்பது நம் முதல் எண்ணம். ஆனால், ஓடை ஒன்றுதான். கூழாங்கல் பரப்பும் ஓரளவுதான். பிந்தி வந்த தாய்மீன், முந்தி வந்தது இட்ட முட்டைகளைத் தோண்டி எறிந்துவிடும். ஏரியில் குஞ்சுகள் பெருகினால் உணவு குறையும், நோய் பரவும்.

ரிக்கரின் சூத்திரத்தில் நானே இட்டுப் பார்த்த கற்பனை எண்களைத் தருகிறேன். நெருக்கடி இல்லாதபோது ஒரு மீனுக்கு ஐந்து மீன் திரும்பும் என்று கொள்வோம். 1,000 பெற்றோருக்கு ஏறத்தாழ 4,500 திரும்பும். 6,000 பெற்றோருக்கு 16,400. 10,000 பெற்றோருக்கு 18,400, அதுவே உச்சம். 20,000 பெற்றோரை விட்டாலோ, திரும்புவது 13,500 மட்டுமே! கோடு ஏறி, வளைந்து, இறங்கிவிடுகிறது. இதில் 6,000 மீனை விட்டுவிட்டால் ஆண்டுதோறும் 10,400 மீனைக் கவலையின்றிப் பிடிக்கலாம். 10,000-ஐ விட்டால் பிடிக்கக் கிடைப்பது 8,400 தான். கூடுதலாக விடுவதும் இழப்பே என்று கணக்கு சொல்கிறது.

எவ்வளவு கவர்ச்சியான கணக்கு! 'தேவைக்கு மேல் மீனை விட்டுவிட்டீர்கள், வீணாகப் போய்விட்டது' என்று மீன்பிடித் தொழிலார் அரசிடம் வாதாட இவ்வளைகோடு கைகொடுத்தது. ஆனால், ஏட்டில் வழவழப்பாகத் தெரியும் அக்கோட்டின் மீது உண்மையான ஆண்டுகளைப் புள்ளிகளாக வைத்தால், அவை கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடக்கும். உச்சி எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல, அதையும் தாண்டி அதிக மீன்களை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். யாரும் விட்டதில்லையே! பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கார்ல் வால்டர்ஸ் 1970-களிலிருந்து இதைத்தான் வலியுறுத்தினார்: மீன்பிடி மேலாண்மையே ஒரு சோதனையாக அமையட்டும்; சில ஆண்டுகள் வேண்டுமென்றே கூடுதலாக விட்டுப் பாருங்கள் என்றார். 1987-இல் கனடா அரசு பிரேசரில் கூடுதல் மீன்களை விடும் திட்டத்தைத் தொடங்கியது.

நான்காண்டுப் பேரலையையும் ரிக்கரின் எளிய சூத்திரம் விளக்கவில்லை. ஆடம்ஸ் கிளை ஆற்றில் ஓராண்டு மில்லியன் கணக்கில் வருகின்றன. வேறு சில ஆண்டுகளில் சில ஆயிரங்கள். ஏன் எல்லா ஆண்டுகளும் மெல்ல மெல்லச் சமமாகவில்லை? அதே பல்கலைக்கழகத்தின் பீட்டர் லார்க்கின் 1971-இல், சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு ஆகியவற்றின் மீன்களும் இவ்வாண்டுக் குஞ்சுகளைப் பாதிக்கும் வகையில் சூத்திரத்தை விரித்துக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். பெருங்கூட்டம் ஒன்று ஏரியின் உணவைத் தீர்த்து, தின்னும் மீன்களையும் கொழுக்கச் செய்துவிட்டுப் போனால், பின்வரும் தலைமுறைகள் தலையெடுக்க முடியாது என்பது கருத்து. அலைக்கு இதுவே முழு விளக்கம் என்று எல்லாரும் ஏற்கவில்லை; வழக்கு இன்னும் நடக்கிறது.

இடையே அணைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்துக்காகப் பிரேசரின் நடுப்பகுதியில் மொரான் என்னுமிடத்தில் மாபெரும் அணை கட்ட 1950-களில் திட்டம் எழுந்தது. 1970-களின் தொடக்கம்வரை அது மீண்டும் மீண்டும் தலைதூக்கியது. அணைக்கு மேலே எத்தனை மீன்கள் முட்டையிடுகின்றன, அவற்றின் மதிப்பென்ன என்று மீனியலார் எண்களோடு வாதிட முடிந்தது. அணை எழவில்லை. தெற்கே கொலம்பியா ஆறு அணைமேல் அணையாகக் கட்டுண்டு கிடக்க, பிரேசரின் முதன்மை ஆறு இன்றும் தடையின்றி ஓடுகிறது.

எண்கள் பொய்த்த ஆண்டு

1985-இல் புதிய ஒப்பந்தம் வந்து, பழைய ஆணையத்தின் இடத்தைப் பசிபிக் சால்மன் ஆணையம் எடுத்துக்கொண்டது. கருவிகளும் வளர்ந்தன. மிஷன் என்னும் ஊரருகே 1977 முதல் ஒலியலைகளை ஆற்றில் பாய்ச்சி, மீன்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு எண்ணுகிறார்கள். செதிலோடு மரபணுவும் சேர்ந்து, எந்த ஓடையின் மீன் என்று சொல்கிறது. முன்கணிப்பையும் ஒற்றை எண்ணாகச் சொல்வதில்லை. இவ்வளவுக்கு மேல் வர இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று வரம்புகளாகவே தருகிறார்கள்.

இவ்வளவும் இருந்து, 2009-இல் என்ன நடந்தது? 10 மில்லியனுக்கும் மேல் திரும்பும் என்பது நடுவாய்ப்பு முன்கணிப்பு. வந்தவையோ ஏறத்தாழ ஒன்றரை மில்லியன். நாடே அதிர்ந்தது. நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அது சாட்சிகளை விசாரிக்கத் தொடங்கும் முன்பே, 2010-இல், 28 மில்லியனுக்கும் மேற்பட்ட மீன்கள் ஆற்றை நோக்கி வந்தன. 1913-க்குப் பிறகு காணாத வரத்து! 2012 அக்டோபரில் வெளிவந்த மூன்று தொகுதி அறிக்கை, ஒற்றைக் குற்றவாளி எவருமில்லை என்று சொல்லி, 75 பரிந்துரைகளைத் தந்தது.

கூர்ந்து பார்த்தால், 2009-இல் பொய்த்தது ஆற்றின் கணக்கன்று. 2007-இல் சில்கோ ஏரியிலிருந்து கடலுக்குப் போன குஞ்சுகள் மிகப் பெருந்தொகை. அவை கடலுக்குள் சென்று காணாமற்போயின. ஓடையையும் ஏரியையும் நூறாண்டு எண்ணியவர்களுக்குக் கடல் இன்னும் மூடிய பெட்டியாகவே இருக்கிறது. நீரும் சூடாகி வருகிறது. பழைய ஆண்டுகளின் எண்களைக் கொண்டு வரும் ஆண்டைக் கணிக்கும் எந்த மாதிரியும், நாளையும் நேற்றைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்பதுதான்.

கல்டஸ் ஏரி என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? ஆற்று முகத்தில் வீசும் வலைக்கு எது ஆடம்ஸ் மீன், எது கல்டஸ் மீன் என்று தெரியாது. பெருங்கூட்டத்தின் வலிமைக்கேற்பப் பிடிக்கும்போது சிறு கூட்டம் அழிகிறது. கல்டஸ் சாக்கை அழியும் நிலையில் இருப்பதாக 2002-இல் கனடாவின் அறிவியலர் குழு அறிவித்தது. சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தால் மீன்பிடித் தொழிலுக்குப் பெரும் இழப்பு ஏற்படும் என்று கூறி, 2005-இல் அரசு மறுத்துவிட்டது. உலகெங்கும் மீனியல் மாணவர்கள் வரைந்து பழகும் வளைகோட்டுக்கு வித்திட்ட ஏரியின் மீன் அது! ரிக்கர் 2001-இல் காலமானார். இதைக் காண அவர் இல்லை.

2018-இன் இறுதியில் ஆற்றின் நடுப்பகுதியில் பிக் பார் என்னுமிடத்தில் பாறை சரிந்தது. ஆளரவமற்ற இடம், 2019 ஜூன் மாதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நரகவாயிலின் கதை மீண்டும் அரங்கேறியது. இம்முறை மீன்களை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று அடைப்புக்கு மேலே விட்டார்கள். பழங்குடி அரசுகளும் அப்பணியில் பங்காளிகளாக நின்றன. 1914-ஐ நினைத்துப் பார்த்தால் இது சிறிய மாற்றமன்று. 2020-இல் ஆறு முழுவதற்கும் திரும்பிய சாக்கைகள் மூன்று நூறாயிரத்தைக்கூட எட்டவில்லை. எண்ணத் தொடங்கியதிலிருந்து அதுவே மிகக் குறைவு.

பிறகு 2025 வந்தது. 1913-லிருந்து நான்கு நான்காகக் கூட்டிப் பாருங்கள், 2009-உம் 2025-உம் அதே வரிசையில் வரும். பாறை கொன்ற தலைமுறையின் வழித்தோன்றல்கள். முன்கணிப்பு மூன்று மில்லியனை ஒட்டியிருந்தது. வந்தவை அதைக் காட்டிலும் பன்மடங்கு. மிஷனில் ஒலியலைக் கருவியின் முன் அமர்ந்திருந்தவர்கள் கோடைக்காலம் முழுவதும் மதிப்பீட்டைத் திருத்தித் திருத்தி உயர்த்திக்கொண்டே இருந்தார்கள். அவற்றின் முட்டைகளிலிருந்து வந்தவை 2029-ஆம் ஆண்டில் ஆற்று முகத்துக்குத் திரும்ப வேண்டும்.